சின்னப் பிள்ளைகளோடு எழும்பூர் மியூசியம் போகிறீர்களா?

வெயில் காலத்தில் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று யார் கேட்டாலும் எழும்பூர் மியூசியம் என்றுதான் சொல்வேன். மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் பிள்ளை இருக்கிற வீடென்றால் இன்னும் அழுத்திச் சொல்வேன். நான் பல்லாவரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். வீட்டில் பெரியவனுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது, சின்னவளுக்கு மூன்றரை. நாங்கள் போகும்போதெல்லாம் என் மாமியாரும் வருவார். பழைய மெட்ராஸ்காரர். இன்றைக்கும் மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றுதான் சொல்வார், மிருகக்காட்சி சாலை அவருக்கு ‘உயிர் காலேஜ்’.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வளாகத்தில் ஆறு கட்டடங்கள், 46 காட்சிக்கூடங்கள். டிக்கெட் வாங்கியாகிவிட்டதே என்று எல்லாவற்றையும் பார்க்கக் கிளம்பினால் இரண்டாவது கட்டடத்திலேயே சின்னது சிணுங்கும், பெரியது தரையில் உட்காரும், நீங்கள் எரிச்சலாவீர்கள். ஒரு நாளைக்கு மூன்று இடம் போதும்: எலும்புக்கூடுகள், பொம்மைகள், செப்புத் திருமேனிகள். அதையும் இதே வரிசையில் பாருங்கள். மிச்சமெல்லாம் அங்கேயேதான் இருக்கும், ஓடிப்போகாது.

எப்போது, எப்படிப் போவது

வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை. இது தெரியாமல் வந்து பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களிலும் திறக்க மாட்டார்கள். மற்ற நாட்களில் காலை ஒன்பதரைக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடுவார்கள். காணும் பொங்கலன்று போகவே போகாதீர்கள். அன்றைக்குப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதே வேலையாகிவிடும். வார நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை வரிசையாக வருவார்கள். அதனால் எங்களுக்குச் சனிக்கிழமை காலைதான் தோது. பழுதுபார்ப்பதற்காக அவ்வப்போது ஒரு கட்டடத்தையோ சில கூடங்களையோ மூடி வைப்பதும் வழக்கம். டிக்கெட் வாங்கும்போதே “இன்னைக்கு எதெல்லாம் திறந்திருக்கு?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுக்கத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

எங்களுக்குப் பல்லாவரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் நேராக எழும்பூர். சின்னப் பிள்ளைகளுக்கு ரயிலே பாதி சந்தோஷம். திரிசூலம் வரும்போது விமானம் தெரிகிறதா என்று பார்ப்பதற்காகவே ஜன்னலோரம் உட்கார வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது. எழும்பூரில் காந்தி இர்வின் சாலைப் பக்கமாக வெளியே வாருங்கள். அங்கிருந்து பாந்தியன் சாலைக்குப் பெரியவர்கள் கால்மணி நேரத்தில் நடந்துவிடலாம். ஆனாலும் மூன்று வயசுக் குழந்தை கூட இருந்தால் ஆட்டோ பிடித்துவிடுங்கள். பிள்ளையின் கால்களில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் நடை இருக்கும். அதை ரோட்டில் செலவழிக்காமல் உள்ளே செலவழிக்க வேண்டும். மெட்ரோவில் வருகிறவர்களுக்கும் எழும்பூர் ஸ்டேஷன்தான்.

தள்ளுவண்டியைக் கொண்டுவராதீர்கள். எங்கே பார்த்தாலும் படிக்கட்டு. அதைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குவதைவிடக் குழந்தையைத் தூக்குவது சுலபம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. ஸ்பூன் வேண்டாம், சிந்தாது, மதியம் வரை கெடாது. சின்னவளுக்குப் பொடிக்குப் பதில் நெய்யும் சர்க்கரையும். வாழைப்பழம், தண்ணீர், ஈரத்துணி, ஒரு செட் மாற்றுத்துணி. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வெயிலில்தான் நடக்க வேண்டும் என்பதால் தொப்பி அல்லது குடை. அப்புறம் ஆளுக்கொரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். பேனா வேண்டாம், கலர் மெழுகும் வேண்டாம். கீழே விழுந்து மிதிபட்டால் அந்தத் தரையில் கறை படியும்.

இன்னொன்று, பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்றை வையுங்கள். பெரியவர்கள் இரண்டு பேராவது போவது நல்லது. ஆளுக்கு ஒரு பிள்ளை என்று கேட்டிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். “நீ பார்த்துக்கறேன்னு நினைச்சேன்” என்ற பேச்சே வராது. காணாமல் போனால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று பெரிய பிள்ளைக்கு ஒரு இடத்தைக் காட்டிவிடுங்கள். நாங்கள் காட்டுவது அங்கே இருக்கும் பீரங்கிகளை. ஒரு தடவை பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் மறக்காது.

உள்ளே போனதும் முதல் வேலை, எல்லோரும் பாத்ரூம் போய்விட்டு வருவது. வருகிறதோ இல்லையோ, போகத்தான் வேண்டும்.

முதலில் எலும்புகள்

காலையில் பிள்ளைகள் தெம்பாக இருக்கும்போது விலங்கியல் பகுதிக்குப் போங்கள். திமிங்கிலத்தின் முழு எலும்புக்கூடு ஒன்று அங்கே இருக்கிறது. யானையின் எலும்புக்கூடும் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் எதுவும் சொல்லாதீர்கள். பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கட்டும், வாய் தானாகத் திறக்கும். பெரியவர்கள் உடனே பலகையைப் படித்துப் பாடம் நடத்தத் தொடங்கிவிடுகிறோம், அதைத்தான் அடக்க வேண்டும். பிள்ளை முதல் கேள்வி கேட்கும் வரை பொறுங்கள். கேள்வி வந்துவிட்டால் அதற்கப்புறம் நீங்கள் சொல்வது காதில் ஏறும்.

யானையின் எலும்புக்கூட்டுக்கு முன்னால் நின்று கேட்க என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. வகுப்பிலும் படம் காட்டி இதைத்தான் கேட்பேன்: “தும்பிக்கை எங்கே?” பிள்ளைகள் தேடுவார்கள். தந்தம் இருக்கும் இடம் தெரிகிறது, கால் இருக்கிறது, வால் இருக்கிறது, தும்பிக்கையைக் காணோம். நெற்றிக்கு நடுவில் ஒரு பெரிய ஓட்டை மட்டும் இருக்கிறது. பெரியவன் அதைத்தான் ஒற்றைக் கண் என்று சொன்னான். நல்ல யோசனை. கண்ணுக்கான பள்ளம் பக்கவாட்டில் தனியாக இருப்பதைக் காட்டினேன், அப்படியானால் நடுவில் இருப்பது என்ன என்று அவனே யோசித்தான். அதுதான் மூக்குத் துவாரம். தும்பிக்கையில் எலும்பே கிடையாது, முழுக்கத் தசை. அதனால்தான் நம் நாக்கைப் போல எந்தப் பக்கமும் வளைகிறது. உங்கள் பிள்ளையை நாக்கை நீட்டி இடமும் வலமும் ஆட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள்.

அதே யானையின் பாதத்தை உட்கார்ந்து பாருங்கள். குண்டுக்கால் என்று நாம் நினைக்கிறோம், உள்ளே எலும்பு விரல் நுனியில் நிற்கிறது. குதிகாலுக்குக் கீழே தடித்த மெத்தை மாதிரி சதை இருந்ததால் வெளியே தட்டையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அங்கேயே பிள்ளைகள் நுனிக்காலில் நடந்து பார்க்கலாம். திமிங்கிலத்தின் துடுப்பில் விரல் எலும்புகள் வரிசையாக இருப்பதையும் காட்டுங்கள். மீனுக்கு ஏன் விரல் என்று கேட்டால் அது மீனே இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கிற உயிர் என்று சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது.

பாடம் செய்து வைத்த விலங்குகளும் பறவைகளும் இருக்கும் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் சிலர் பயப்படுவார்கள். “இது தூங்குதா?” என்று சின்னவள் கேட்டாள். தூங்குகிறது என்று சொல்லிவிடத் தோன்றும். அப்படிச் சொல்லாதீர்கள். எப்போது எழுந்திருக்கும் என்று காத்திருப்பார்கள், அப்புறம் ராத்திரி தூங்கவே பயப்படுவார்கள். “இது செத்துப்போச்சு. நாமெல்லாம் பார்க்கணும்னு பத்திரமா வச்சிருக்காங்க” என்று சாதாரணக் குரலில் சொன்னால் போதும். பிள்ளைகள் அதை நாம் நினைப்பதைவிட அமைதியாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

சரி, உயிரோடு புலி வேண்டும் என்று கேட்டால் சொல்ல ஒரு உண்மைக் கதை இருக்கிறது. இந்த மியூசியம் 1851-ல் தொடங்கியது. முதலில் பொறுப்பில் இருந்தவர் எட்வர்ட் பால்ஃபோர் என்ற டாக்டர். அவர் கர்நாடக நவாபிடம் (ஆற்காட்டு நவாப் என்று நாம் சொல்கிறவர்) பேசி, நவாப் வளர்த்த மிருகங்களையெல்லாம் மியூசியத்துக்கு வாங்கிவிட்டார். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1855-ல் அதுவே மெட்ராஸ் மிருகக்காட்சி சாலையாகிவிட்டது. பிறகு சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், கடைசியில் 1985-ல் வண்டலூரில் திறந்தார்கள். நீங்கள் நிற்கிற இந்த வளாகத்தில்தான் அந்த மிருகங்கள் இருந்தன என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். என் மாமியார் சொல்லும் இரண்டு காலேஜும் ஒரே வீட்டில் பிறந்தவைதான்.

தொடாமல் பார்ப்பது

ஒவ்வொரு கூடத்திலும் “தொடாதே, தொடாதே” என்று சொல்லிக்கொண்டே போனால் அந்த நாளே கெட்டுவிடும். நான் வகுப்பில் பழக்குவது இது: வாசலில் நின்று எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு ‘மியூசியம் கை’ என்று பெயர். வெளியே வந்ததும் கையை உதறிவிட்டு ஓடலாம். வீட்டிலிருந்தே இரண்டு நாள் முன்னால் ஷோகேஸ் முன்னால் நிற்க வைத்துப் பழக்குங்கள். பெரியவர்களும் கட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் முக்கியம். நாம் கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினால் அவர்களும் வைப்பார்கள்.

கூடத்தைக் காக்கும் ஊழியர்களுக்குப் பிள்ளைகளை வணக்கம் சொல்லச் சொல்லுங்கள். நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு குழந்தை முகம் பார்த்துப் பேசினால் அவர்களே எழுந்து வந்து, நாம் கவனிக்காத ஒன்றைக் காட்டுவார்கள்.

நடுவில் பொம்மைகள், சாப்பாடு

பதினொன்றரை மணிக்கெல்லாம் வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து இட்லியைப் பிரித்துவிடுங்கள். பசி வந்த பிறகு சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் நேரம் கடந்துவிடும். இலை, பேப்பர் எதையும் போட்டுவிட்டு வராமல் பையிலேயே திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டதும் குழந்தைகள் அருங்காட்சியகம். வெளியே டைனோசர் உருவங்கள், உள்ளே பழைய நாகரிகங்களைக் காட்டும் பொம்மைகள். இது பெரியவர்களுக்குச் சுமாராகத்தான் தெரியும். பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. சின்னவள் ஒரே பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, பொம்மைகள் ஒவ்வொன்றும் என்ன சமைக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பிள்ளை ஒரு பொருளுக்கு முன்னால் பத்து நிமிஷம் நின்றால் அந்த நாளுக்குக் கொடுத்த காசு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். நோட்டையும் பென்சிலையும் இங்கே எடுங்கள். என்ன வரைந்திருக்கிறது என்று கேட்க வேண்டாம், “இதைப் பத்திச் சொல்லு” என்றால் போதும்.

கடைசியில் செப்புத் திருமேனிகள்

மதியத்துக்கு மேல் செப்புத் திருமேனிக் கூடம். ஏசி இருக்கும், வெளிச்சம் அடங்கியிருக்கும். சின்னது தோளில் தூங்கிவிட்டால் தூங்கட்டும், அது பெரியவர்களுக்குக் கிடைக்கிற நேரம். உலகத்தில் எங்கெங்கிருந்தோ இதைப் பார்க்கவே வருகிறார்கள். நமக்கு ஒரு எலெக்ட்ரிக் ட்ரெயின் டிக்கெட்டில் கிடைக்கிறது.

திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் முழங்காலிட்டுப் பிள்ளையின் கண் உயரத்துக்கு இறங்குங்கள். நாம் முகத்தைப் பார்க்கிறோம், அவர்கள் கண்ணுக்கு நேரே இருப்பது காலடியில் கிடக்கிற முயலகன். அங்கிருந்தே தொடங்குங்கள். யார் இது, வலிக்குமா, ஏன் மிதிக்கிறார்? பிறகு கைகளை எண்ணச் சொல்லுங்கள். ஒன்றில் உடுக்கை, ஒன்றில் நெருப்பு, ஒன்று ‘பயப்படாதே’ என்கிறது, இன்னொன்று தூக்கிய காலைக் காட்டுகிறது. அந்த நிலையில் பிள்ளையை ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லுங்கள். பெரியவன் நின்று பார்த்துவிட்டு, “எப்படிம்மா விழாம இருக்கார்?” என்று கேட்டான். நம் வீட்டு நடராஜர் படத்தில் சுற்றிலும் இருக்கிற தீ வட்டம் இங்கே எங்கே என்றும் கேளுங்கள். இல்லை என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் கதை எதுவும் வேண்டாம். இடது பக்கமும் வலது பக்கமும் என்னென்ன வித்தியாசம் என்று தேடும் விளையாட்டே போதும். வடக்குப்பனையூர் ராமர், லட்சுமணர், சீதை பக்கத்தில் அனுமனும் இருக்கிறார். ராமர் கை வில்லைப் பிடித்த மாதிரி வளைந்திருக்கிறது, வில் இல்லை. எங்கே போயிற்று என்பதற்குப் பிள்ளைகள் சொல்லும் பதில்களைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

என் மாமியார் ஒவ்வொன்றுக்கும் முன்னால் கும்பிட்டுவிட்டுத்தான் நகருவார். “பாட்டி ஏன் கும்பிடறாங்க, இது கோயிலா?” என்று கேள்வி வரும். ஒரு காலத்தில் இவையெல்லாம் கோயிலில் இருந்தன, திருவிழாவில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள் என்று சொல்லுங்கள். அடியில் இருக்கும் வளையங்களும் துளைகளும் அதற்குத்தான், கழி செருகிக் கட்டித் தூக்குவதற்கு. அதைக் காட்டினால் போதும், சாமி தூக்குவதைப் பார்த்த பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

எப்படிச் செய்தார்கள் என்று ஆறு வயசுக்காரர்கள் கேட்பார்கள். முதலில் தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து முழு உருவத்தையும் செய்வார்கள். அதன் மேல் களிமண் பூசிக் காயவைப்பார்கள். சூடாக்கினால் உள்ளே இருக்கும் மெழுகு உருகி ஓட்டை வழியாக ஓடிவிடும். அந்தக் காலியிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்து எடுப்பார்கள். அச்சு உடைந்துபோவதால் ஒவ்வொரு சிலையும் ஒன்றே ஒன்றுதான். சுவாமிமலையில் இன்றைக்கும் இப்படித்தான் செய்கிறார்கள். இதைச் சொன்ன பிறகு, பிள்ளைகள் சிலையின் விரல் நகத்தையும் சங்கிலியையும் தேடித் தேடிப் பார்க்கிறார்கள், “இதையும் மெழுகுல செஞ்சாங்களா?” என்று.

தெம்பு மிச்சமிருந்தால்

ஆறு வயதுக்கு மேலிருக்கிற பிள்ளை இன்னும் கேட்டால் மட்டும் கற்கருவிகளைக் காட்டுங்கள். எங்கள் பல்லாவரத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு பழங்காலக் கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் மனிதர்கள் எவ்வளவு காலமாக வாழ்கிறார்கள் என்ற தேடல் அங்கிருந்துதான் சூடுபிடித்தது. அவர் சேகரித்ததையெல்லாம் இந்த மியூசியம் 1904-ல் விலைக்கு வாங்கியது. நாம் தினமும் மார்க்கெட் போகிற ஊரில் ஒருவர் கையில் பிடித்து வேலை செய்த கல் என்று சொன்னால் பல்லாவரத்துப் பிள்ளை நிமிர்ந்து நிற்கும். உங்கள் மாவட்டத்துப் பொருள் எது இருக்கிறது என்று தேடுங்கள், கட்டாயம் ஒன்று கிடைக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த பழங்காலப் பொருட்கள் இருக்கின்றன.

ஆந்திராவின் அமராவதியிலிருந்து வந்த பழைய பௌத்தச் சிற்பங்களை இந்த வயதில் விட்டுவிடலாம். பத்து வயதில் வந்தால் அதற்கே ஒரு நாள் வேண்டும்.

கிளம்புவது

இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே என்று பிள்ளைகள் சொல்லும்போதே கிளம்பிவிடுங்கள். அழுத பிறகு கிளம்பினால் அழுததுதான் நினைவில் நிற்கும், அடுத்த முறை வரச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். இரண்டரைக்கு வெளியே வந்தால் சாயங்கால நெரிசலுக்கு முன்னால் ரயிலைப் பிடிக்கலாம், உட்கார இடமும் கிடைக்கும். நடுவில் யாராவது அடம்பிடித்தால் சமாதானம் பேசிக்கொண்டு கூடத்துக்குள்ளேயே நிற்காதீர்கள். ஒரு ஆள் அந்தப் பிள்ளையோடு வெளியே போய் ஒரு வாழைப்பழம் கொடுத்து உட்காரட்டும், மற்றவர்கள் பார்த்துவிட்டு வரட்டும்.

ரயிலில் ஏறுவதற்கு முன்னால் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். கிண்டி தாண்டும்போது ஒன்று தண்ணீர் கேட்கும், இன்னொன்று தூங்கிவிடும்.